மூன்று முறை மின்சாரம் போனது

ஊர் கருப்பூர். மண் வெள்ளை.
மாக்னசைட் தோண்டிப்போட்ட மேடுகள்
மதிய வெயிலில் கண்ணைக் குத்தும்.
எங்கள் ஆய்வகத்தில் மட்டும் எல்லாம் நீலம்:
மேசை விளிம்பு, கதவுப்பிடி,
நஸ்ரினின் இடது புருவத்தில் ஒரு கீற்று,
என் துப்பட்டாவில் உள்ளங்கை அகலக் கறை.

"சொட்டு நீலம் கொட்டிடுச்சா?"
ஐந்து ரோடு பஸ்ஸில் ஒரு அக்கா கேட்டார்.
இல்லைக்கா, இது ஓவியர்கள் தீட்டிய நீலம்,
இரும்பும் சயனைடும் கைகோத்துக் கட்டிய
சின்னச் சின்னச் சதுர அறைகள்.
சயனைடு என்றதும் தள்ளி உட்கார்ந்தார்.
கட்டிப்போட்டது கடிக்காது என்று
சொல்லி முடிப்பதற்குள்
அவர் நிறுத்தம் வந்துவிட்டது.

அவரிடம் சொல்ல நினைத்த மீதி இது:

சோடியமும் மக்னீசியமும்
தண்ணீரைப் போர்வையாய்ச் சுற்றிக்கொண்டு வரும்;
அந்த வாசலுக்குள் நுழையாது.
பொட்டாசியம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
சீசியம் மட்டும்
போர்வையை வெளியே உதறிவிட்டு
உள்ளே போய் உட்காரும்.
எழுந்திருக்காது.

நாங்கள் வாங்கியது கதிர் வீசாத சீசியம்.
உலையில் பிறந்த முரட்டுத் தம்பிக்குப் பதில்
ஒத்திகைக்கு வந்த அண்ணன்.
நீலத்துக்கு இருவரும் ஒரே ஆள்தான்.

தூளாய்ப் போட்டால்
நீலமும் தண்ணீரோடு போய்விடும்.
பிடித்தவனைப் பிடித்துக்கொள்ள
இன்னொருவர் வேண்டும்.
ஆத்தூர் சாலை சேகோ ஆலையில்
ஐந்து கிலோ மரவள்ளி மாவு வாங்கினோம்,
பசை கலந்தோம், கிண்டினோம், சொட்டினோம்.
நீல ஜவ்வரிசி.
மூக்கனேரித் தண்ணீரில் போட்டு வைத்தால்
விடிவதற்குள் ஏரி நீலம்,
உருண்டை வெளிறிக் கிடக்கும்.
பதினோரு தடவை.
"பாயசம் நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர் ரெஜினா,
சிரிக்காமல்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை
ஏற்காட்டு மேலிருந்து இறங்கிய காற்று
கருப்பூர் டிரான்ஸ்ஃபார்மரைத் தட்டிவிட்டது.
பன்னிரண்டாவது கலவை உறைபெட்டிக்குள்.
உதவியாளர் அர்த்தநாரி பதிவேட்டில் எழுதிய வரிகள்:
வெள்ளி இரவு 8.40 போச்சு.
காலை 5 வந்துச்சு.
சனி மதியம் 1 போச்சு. ராத்திரி வந்துச்சு.
ஞாயிறு திரும்பவும்.
யாருக்கும் போன் எடுக்கல.

திங்கள் காலை நானும் நஸ்ரினும்
வீணாய்ப்போனதைக் கொட்டத்தான் போனோம்.
ஓர் உருண்டையை அழுத்தினேன்.
நசுங்கவில்லை.
விட்டேன், பழையபடி நிமிர்ந்தது.
உறைந்து, உருகி, உறைந்து, உருகி
இழையோடு இழை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது.
மறுநாள் ஏரித் தண்ணீர்
ஏரித் தண்ணீராகவே இருந்தது.
நூறு பங்கு சீசியத்தில்
தொண்ணூற்றேழைக் காணோம் என்றது கருவி.
நஸ்ரின் கையுறையோடு கைதட்டினாள்.

கட்டுரையில் ஒரே வரி:
"மாதிரிகள் மூன்று முறை உறையவைத்து உருக்கப்பட்டன."
காற்று இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லை.
மின்வாரியத்துக்கு நஸ்ரின் எழுதிய நன்றியை
ரெஜினா மேடம் அடித்துவிட்டார்.
அர்த்தநாரியின் பெயரை அடிக்கவில்லை.

அவர்தான் கேட்டார்,
குப்பியைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கி:
"புடிச்சதை அப்புறம் என்னம்மா பண்ணுவீங்க?"
நிஜத் தம்பி என்றால், வைத்திருக்க வேண்டியதுதான்.
"எத்தனை நாள்?"
முப்பது வருஷத்தில் பாதி போகும்.
"மீதி?"
இன்னொரு முப்பதில், அதில் பாதி.
"அதுவரைக்கும் கரண்ட் இருக்குமா?"
அதற்குக் கரண்ட் வேண்டாம், அண்ணே.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.
குப்பியை அலமாரியில் பின்வரிசையில் வைத்தார்.
அடிக்கோலை எடுத்துப்
பதிவேட்டில் புதுப் பக்கம் ஒன்றுக்குக்
கட்டம் போட ஆரம்பித்தார்.